கரி எடுத்த ஊருக்கு என்ன மிஞ்சும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: நெய்வேலிச் சுரங்க விரிவாக்கம் சேத்தியாத்தோப்புப் பக்கம் இருக்கிற உங்கள் ஊர் வரைக்கும் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வந்தால் மாவட்டமே தலையெடுத்துவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது நடக்குமா, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கிடைக்குமா, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “நெய்வேலி அறுபது வருஷமா இருக்கு, சுத்தியிருக்கிற ஊர்ப் பசங்க ஏன் இன்னும் திருப்பூருக்கும் துபாய்க்கும் போறாங்க?” நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளுக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

நான் சுரங்கப் பொறியாளர் இல்லை. பொருளாதாரம் படித்தவன். நிலம் எடுக்கப்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போய் வரவு செலவுக் கணக்கெடுக்கும் வேலையை இருபது வருடங்களுக்கு மேல் செய்திருக்கிறேன். அதனால் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதைவிட, வீட்டுக்குள் வந்த பணம் பிறகு எங்கே போனது என்பதைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

முதலில் நெய்வேலிக்குச் செய்ய வேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1956-இல், காமராஜர் முதல்வராக இருந்தபோது, அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்க மத்திய அரசின் என்.எல்.சி. நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரிப்படுகை வெளியே தெரிந்தது. அடுத்த வருடமே, சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுத்தது. அதற்கு முன்பு அந்தச் செம்மண் மேட்டில் முந்திரியும் கம்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை)தான். இன்று நெய்வேலியில் மட்டும் ஏறக்குறைய 3,390 மெகாவாட் திறனுள்ள மின் நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு மட்டுமில்லை, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரி எல்லாம் அந்த மின்சாரத்தில் பங்கு வாங்கியிருக்கின்றன. படிப்பறிவில்லாத குடும்பத்திலிருந்து வந்து சுரங்கத்தில் நிரந்தர வேலை கிடைத்தவர்களின் பிள்ளைகள் டவுன்ஷிப் பள்ளிகளில் படித்து டாக்டராகவும் என்ஜினியராகவும் ஆனார்கள். ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் அது. அப்படி ஆன வீடுகளில் உட்கார்ந்து கணக்கெடுத்தவன் என்பதால் சொல்கிறேன், அதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது.

இன்னொரு விஷயத்திலும் நெய்வேலி மற்ற சுரங்கப் பகுதிகளைவிடக் கொடுத்துவைத்தது. பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். எரிசக்தி குறைவு, குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். தூரத்துக்கு ரயிலில் ஏற்றிப் போவது கட்டுப்படியாகாது. அதனால் மின் நிலையத்தைச் சுரங்க வாசலிலேயே கட்டியாக வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1950-கள் முதல் 1990-களின் தொடக்கம் வரை, நிலக்கரிக்கும் எஃகுக்கும் நாடு முழுக்க ஒரே விலை வரும்படி மத்திய அரசு ரயில் கட்டணத்தைச் சமன் செய்து வைத்திருந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை கட்டினால் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் அதனால் அடிபட்டுப்போனது. தொழில்கள் துறைமுக ஊர்களுக்கும் பெரிய சந்தைகளுக்கும் போய்விட்டன. சென்னையும் மும்பையும் அதில் பலன் அடைந்தன, தாது எடுத்த மாவட்டங்களில் குழிதான் மிஞ்சியது. நெய்வேலிக் கரிக்கு அந்தக் கதி வரவில்லை.

ஆனால் மின்சாரத்துக்குக் கால் இல்லை என்றாலும் கம்பி இருக்கிறது. அங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் தொடங்குகிறது. ஆரம்பத்தில் போட்ட திட்டம் வெறும் மின்சாரத்துக்கானது இல்லை. கரியிலிருந்து யூரியா எடுக்க ஒரு ஆலை, புகையில்லாத அடுப்புக் கரியாக ‘லெக்கோ’ தயாரிக்க ஒரு ஆலை, மேல்மண்ணோடு வரும் வெள்ளைக் களிமண்ணைக் கழுவிப் பிரிக்க ஒரு ஆலை என்று ஒன்றோடொன்று கோத்த திட்டம் அது. லெக்கோ மூட்டை வாங்கிக் குமுட்டியில் போட்டு எரித்த வீடுகள் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். யூரியாவும் லெக்கோவும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டன. பழைய தொழில்நுட்பம், மலிவாக வந்த மற்ற எரிபொருள்கள், நஷ்டக் கணக்கு என்று காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை போனதும், கரியைக் கொண்டு இன்னொரு பொருளைச் செய்து விற்கும் சங்கிலி அறுந்துபோனது. மிஞ்சியது கரி, கொதிகலன், கம்பி.

அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் கவனிப்பதில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழில். நெய்வேலிக் களிமண்ணை நம்பி அரசு அங்கே ஒரு பீங்கான் தொழிற்பேட்டையையும் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடத்தையும் அமைத்தது. சின்னச் சின்னச் சூளைகள். ஒரு கொட்டகைக்குள் நுழைந்தால் பிளாஸ்டர் அச்சில் கூழ்மண்ணை ஊற்றிக் காயவைத்து, பொம்மையின் காதோரப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவிக்கொண்டிருப்பார்கள். பக்கத்துப் பலகையில் ஃப்யூஸ் கேரியர்கள் வரிசையாகக் காயும். கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு. ஒரு சூளையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேருக்கு வேலை, அதில் பாதிக்கு மேல் பெண்கள். சுரங்கத்தின் கண்ணுக்கு அந்த மண் கழிவு. அதை வைத்து உள்ளூர்க்காரர் ஒருவர் முதலாளி ஆகியிருக்கிறார், உள்ளூர்ப் பெண் ஒரு கைத்தொழில் கற்றிருக்கிறார், பொருள் ஈரோட்டுக்கும் பெங்களூருக்கும் போகிறது. பகுதி வளர்ச்சி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் இந்தக் கொட்டகையைத்தான் காட்டுவேன். இதுபோல இருபது தொழில்கள் முளைத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஏன் முளைக்கவில்லை? சுரங்கம் தனக்கு வேண்டியதை எங்கே வாங்குகிறது என்று பாருங்கள். ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அதைச் செய்வது பக்கெட் வீல் என்று அங்கே எல்லோரும் சொல்கிற ராட்சதச் சக்கரம். பெரிய சக்கரத்தின் ஒரு வாளியே 1,400 லிட்டர் பிடிக்கும். அந்த நுட்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. பெல்ட், மோட்டார், கியர் எல்லாம் பெரிய ஊர்களின் பெரிய கம்பெனிகள் கொடுப்பவை. உள்ளூருக்கு வருவது வண்டி வாடகை, கேன்டீன், தோட்ட வேலை, துப்புரவு, சில்லறை வெல்டிங். கோடிக்கணக்கில் செலவு ஆகிறது, ஆனால் அது சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெரு வரை இறங்கி வருவது பெரும்பாலும் சம்பள நாளில்தான்.

சம்பளத்துக்கு வருவோம். வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு, கிடைக்கும் என்று யார் வாயால் சொன்னாலும் நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள் என்பதுதான் என் பதில். ஆரம்ப காலத்தில் நிலம் கொடுத்தவர்கள் பலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பிறகு இயந்திரம் கூடியது, வேலை குறைந்தது. ஒரு சுரங்கம் மூன்றாகியும், இருபதாயிரத்தை ஒட்டியிருந்த நிரந்தர ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாக இறங்கியிருக்கிறது. இடைவெளியை நிரப்பியவர்கள் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீக்கடையில் நின்று பாருங்கள். ஒரே தூசி படிந்த சட்டையோடு, ஒரே சுரங்கத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், மருத்துவம், ஓய்வுக்குப் பிறகும் ஒரு பாதுகாப்பு. மற்றவருக்கு அந்த மாதக் கூலி. இருவருடைய பிள்ளைகளும் பள்ளிக்கு மேல் படிப்பார்களா என்பதை அப்பாவின் அடையாள அட்டை நிறத்தை வைத்தே என்னால் பெரும்பாலும் ஊகிக்க முடிந்தது. இது என் கணக்கெடுப்பின் வரம்புக்குள் சொல்வது. மாவட்டம் முழுக்கப் பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன்.

நிலம் உள்ளவர்களுக்காவது இழப்பீடு என்று ஒன்று வருகிறது. பட்டாவில் பேர் இல்லாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மறுகுடியமர்வுக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். அரசு கொடுத்த மனையில் ஒரு அறை வீடு. கதவு நிலைக்கு மேல் கருக்கரிவாள் ஒன்று செருகியிருந்தது, துருவே இல்லாமல் எண்ணெய் தடவி. அறுக்கப் போவதற்கு வயல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “நெலம் அவங்களுது, காசு அவங்களுக்கு வந்துச்சு. நடவும் அறுப்பும் எங்களுது, அதுக்கு எவரு காசு குடுப்பாரு?” என்றார். வருடத்தில் நூறு நாளுக்கு மேல் வயல் வேலை பார்த்த குடும்பம் அது. அந்த வருமானம் எந்த அரசாங்கத் தாளிலும் ஏறவில்லை, அதனால் அது இழப்பாகவும் ஏறவில்லை. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிலுக்கான நிலம் பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தில் எடுக்கப்படுகிறது. தொகை மத்தியச் சட்டப்படி வந்தாலும், சமூகத் தாக்க மதிப்பீடு என்ற படி அதில் இல்லை. யார் யாருக்கு எதில் பிழைப்பு என்று எண்ணுகிற அந்த ஒரு வேலை விட்டுப்போகிறது. என்னைக் கேட்டால், இந்த விஷயம் முழுவதிலும் பெரிய ஓட்டை அதுதான்.

இழப்பீட்டுப் பணத்தைப் பற்றி ஒரு சொல். நான் கணக்கெடுத்த வீடுகளில் அது பெரும்பாலும் மூன்று வழிகளில் போனது: வீடு, மகள் கல்யாணம், வண்டி. வேறு ஊரில் நிலம் வாங்கியவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்லவில்லை. சுற்று வட்டாரத்தில் ஒரே சமயத்தில் நூறு பேர் கையில் பணம் வந்தால் பக்கத்து ஊர் நிலத்தின் விலையும் ஏறிவிடுகிறது. இரண்டு ஏக்கர் விற்ற பணத்தில் ஒரு ஏக்கர்கூட வாங்க முடியாமல் போனவர்கள் உண்டு.

அடுத்தது தண்ணீர். இதில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். நெய்வேலிக் கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. மேல்மண்ணை எடுத்ததும் அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வரும் என்பதால், இரவும் பகலும் பம்பு ஓட்டி அதைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது உறுதி. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வந்த ஊர்கள் இருந்தன, இன்று போர்வெல் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. இதுவும் உறுதி. வெளியேற்றும் நீர் ஓடைகள் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனத்துக்குப் பயன்படுகிறது, அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அது லாபம். இதையும் மறைக்கக் கூடாது. சந்தேகத்துக்குரியது எது என்றால், நீர்மட்டம் இறங்கியதில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு, ஆயிரக்கணக்கான பாசன போர்வெல்களின் பங்கு எவ்வளவு என்பது. இரண்டும் ஒரே காலத்தில் பெருகியவை. ஒன்றை மட்டும் குற்றவாளி ஆக்குகிற யாருடைய கணக்கையும் நான் முழுதாக ஏற்பதில்லை.

வரிப் பணம் எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. கனிமம் எடுப்பதற்காகக் கட்டுகிற உரிமைத்தொகைதான் ராயல்டி. பழுப்பு நிலக்கரிக்கு அது விலையில் 6 சதவீதம், மாநில அரசுக்குப் போகும். வருமான வரி மத்திய அரசுக்கு. குழி விழுந்த ஊராட்சிக்கு? அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டப்படி, ராயல்டியின் மேல் உள்ளூர் வரி ஒன்று போட்டிருந்தார்கள். இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் அதை எதிர்த்துப் போன வழக்கில், ராயல்டியே ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் வரி போட முடியாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 35 வருடம் கழித்து, 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றி, ராயல்டி வரி இல்லை, கனிம உரிமையின் மேல் வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடும் அதையொட்டிக் கனிம நில வரிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இடையில் 2015-இல், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிட மாவட்ட கனிம அறக்கட்டளை என்ற ஏற்பாடு வந்தது. பழைய குத்தகைகளில் ராயல்டிக்கு மேல் அதில் 30 சதவீதம் கட்ட வேண்டும். கணக்குக்காக ஒரு டன் கரி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல்டி 120 ரூபாய், அறக்கட்டளைக்கு 36 ரூபாய். டன்னுக்குச் சிறிய தொகைதான், ஆனால் வருடத்துக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் எடுக்கிற இடத்தில் அது பெரிய பணம். அந்தப் பணம் எந்த ஊரில் எதற்குச் செலவானது என்ற பட்டியலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் போன கிராமங்களில் அப்படி ஒரு நிதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

கரி தீர்ந்த பிறகு என்ன என்பதற்குத் தமிழர்கள் தூரமாகப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, கோலார் தங்கவயல் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் வெட்டிய இடம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்கே வந்தது, பெங்களூருக்கே பிறகுதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நான் ஒரு முறை விடியற்காலையில் அங்கே ரயில் ஏறினேன். பெட்டி நிறைய ஆட்கள், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள். இரவு திரும்பி வந்து, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பக்கத்தில் தூங்கி மறுபடி அதே ரயில். நூற்றிருபது வருடம் தங்கம் எடுத்த ஊரில், தங்கத்தைச் சார்ந்து இன்னொரு தொழிலை யாரும் ஊன்றவில்லை. பக்கத்தில் பெங்களூர் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

ஆக, உங்கள் ஊர்ப் பையன்கள் துபாய்க்குப் போவதற்குக் காரணம் சுரங்கம் தோற்றுப்போனது என்று சொல்ல மாட்டேன். சுரங்கம் தன் வேலையைச் செய்தது, தென்னிந்தியாவுக்கு மின்சாரம் கொடுத்தது. அதைச் சுற்றி இன்னொரு பொருளாதாரத்தைக் கட்டுகிற பொறுப்பு யாருடையது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. நிறுவனம் அது அரசின் வேலை என்றது, மாநிலம் அதை மத்திய அரசு நிறுவனத்தின் ஊர் என்று விட்டுவிட்டது. இது என் கருத்து. இதற்கு மாறாக, நெய்வேலி இல்லாவிட்டால் அந்த மேட்டு நிலம் இன்னும் ஏழையாக இருந்திருக்கும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. நடக்காத வரலாற்றை அளக்க வழி கிடையாது.

ஆனால் உங்கள் நிலம் அன்றைய நெய்வேலி மேடு இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் இரண்டு போகம், மூன்று போகம் விளைகிற வயல். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது. எப்போதோ எடுத்த நிலம் என்றது நிறுவனம், பல வருடம் சும்மா விட்டிருந்ததால் பயிர் வைத்தோம் என்றார்கள் விவசாயிகள். உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே வருடம் சேத்தியாத்தோப்பு கிழக்கு உட்பட டெல்டாவை ஒட்டிய மூன்று நிலக்கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜனவரியில் மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலமும் ரத்தானது. ஒன்றாகக் கேட்டால் கேட்கிறார்கள் என்பதற்கு இவை சமீபத்திய சாட்சி.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், அதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி முன்கூட்டியே படியுங்கள். மேடையில் “வேலை கிடைக்குமா” என்று கேட்டால் “முன்னுரிமை தரப்படும்” என்று பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: எத்தனை வேலை, அதில் நிரந்தரம் எத்தனை, எந்த வருடத்துக்குள்? நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்? உள்ளூரில் வாங்குவது எவ்வளவு? கேட்டதை எழுதியும் கொடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றை நாளைக்கே தொடங்குங்கள். உங்கள் கிணற்றிலும் பக்கத்து வயல் போர்வெல்லிலும் மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ முடிந்தால் கையெழுத்து வாங்குங்கள். தண்ணீர் பிரச்சினை வந்து பத்து வருடம் கழித்து வழக்குக்குப் போகும்போது, முன்பு மட்டம் எங்கே இருந்தது என்று முதலில் கேட்பார்கள். நான் போன எந்த ஊரிலும் அதற்கு எழுத்தில் பதில் இருந்ததில்லை.